நிலம் தாழத் தாழ வளர்ந்த நகரங்கள்

நெதர்லாந்தின் ஹாலந்துப் பகுதியில் 1514ஆம் ஆண்டிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் நகரவாசிகள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் கிராமத்தில் உழுதுகொண்டிருந்த காலம் அது. இத்தனைக்கும் ஹாலந்தில் சுரங்கம் கிடையாது, கட்டடக் கல் கிடையாது, பெரிய அரசவையும் கிடையாது.

டச்சுக்காரர் என்றதும் நமக்குப் பழவேற்காடும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கப்பல் வணிகமே நகரங்களை வளர்த்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602இல். ஆம்ஸ்டர்டாமும் லைடனும் ஹார்லெமும் அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்களாகிவிட்டன. மக்களை நகரத்துக்குத் தள்ளியது அவர்கள் காலடியில் இருந்த மண்தான்.

கி.பி. 1000 வாக்கில் ஹாலந்தின் பெரும்பகுதி பீட் சதுப்பு. நீரில் ஊறிய இடத்தில் காற்று புகாது. காற்று இல்லாமல் செத்த செடிகள் முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்த மண், நர்சரியில் விற்கும் தென்னை நார்க்கழிவு போல, எடையில் பெரும்பங்கு தண்ணீராகவே இருக்கும். அப்போது இந்தச் சதுப்பு கடல்மட்டத்துக்கு மேலே மேடாக நின்றது. ஆகவே குடியேறியவர்களுக்கு வேலை சுலபம். ஆற்றிலிருந்து உள்நோக்கி நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டினார்கள்; தண்ணீர் தானாக வடிந்தது; தானியம் விதைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 110 மீட்டர் அகலம், அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நீளம் என்று அளந்து கொடுத்த பட்டைகள், இன்றும் விமானத்திலிருந்து பார்த்தால் வரிவரியாகத் தெரிகின்றன.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலில் மண் சுருங்கியது. பிறகு உள்ளே காற்று புகுந்தது. அதுவரை பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் பீட்டைத் தின்னத் தொடங்கின. வயல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாக மாறிக் காற்றில் போயிற்று. நிலம் இறங்கியது, மறுபடி ஈரமானது. வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். அதனால் இன்னும் இறங்கியது. இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் மேடாக இருந்த நிலம் ஆற்றுமட்டத்துக்கும் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அங்கே உணவுத் தானியம் பயிரிடுவது அநேகமாக முடியாத காரியம். புல் மட்டும் வளர்ந்தது.

ஹாலந்தின் வரலாறு திரும்பியது இங்கேதான் என்பது என் எண்ணம். புல் இருந்தால் மாடு. ஆனால் மாடு வளர்க்க உழவுக்கு வேண்டிய ஆட்களில் சிறு பங்கு போதும். மிச்சப்பட்ட கைகள் மீன்பிடிக்கும் கப்பலுக்கும் நெசவுக்கும் மதுபானத் தொழிலுக்கும் போயின. அவை இருந்தது நகரங்களில். சாப்பாட்டுக்கு ரை தானியம் பால்டிக் கடல் வழியாக டான்ஸிக் துறைமுகத்திலிருந்து (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) வந்தது. பதிலுக்கு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஹெர்ரிங் மீனும் துணியும் போயின. மிளகும் பட்டையும் பிற்காலத்தில் எவ்வளவு பெயர் வாங்கிக்கொடுத்தாலும், டச்சுக்காரர்கள் 'தாய் வணிகம்' என்று அழைத்தது இந்தப் பால்டிக் தானிய வணிகத்தைத்தான்.

நகரம் எந்த இடத்தில் முளைத்தது என்பதையும் தண்ணீரே முடிவு செய்தது. தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகாமலிருக்க ஆற்று முகத்தில் அணை போட்டு மதகு வைத்தார்கள். மதகு வழியே பெரிய கப்பல் போகாது. எனவே கடல் கப்பலின் சரக்கு அணையருகே இறங்கி, சிறு படகில் ஏற வேண்டும். சரக்கு கைமாறும் இடத்தில் கிடங்கு, சத்திரம், சந்தை எல்லாம் வந்துவிடும். ராட்டர்டாம், ஸ்கீடாம், எடாம் எல்லாம் இப்படி அணையையொட்டி எழுந்தவை. ஆம்ஸ்டல் ஆற்றின் அணையருகே வாழ்ந்தவர்களுக்கு 1275இல் ஐந்தாம் புளோரிஸ் பிரபு சுங்க விலக்கு அளித்தார். ஆம்ஸ்டர்டாம் ஆவணத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது அந்தச் சாசனத்தில்தான்.

அந்தக் குழைமண்ணில் வீடு எப்படி நிற்கிறது? தொடக்கத்தில் மர வீடுகள், லேசானவை. 1421இலும் 1452இலும் பெருந்தீ ஊரை விழுங்கிய பிறகு செங்கல்லுக்கு மாற வேண்டியதாயிற்று. செங்கல் கனம், பீட் அதைத் தாங்காது. சுமார் 12 மீட்டர் ஆழத்தில் கெட்டியான மணல் அடுக்கு இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நீளமான மரங்களைக் கொண்டுவந்து, அந்த மணலைத் தொடும்வரை அடித்து இறக்கினார்கள். கனத்த கட்டையை ஒரு கூட்டம் ஆட்கள் கயிற்றால் மேலே இழுப்பார்கள். பாட்டு ஒரு இடத்தில் நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து விடுவார்கள். மரம் சற்றே இறங்கும். மறுபடி பாட்டு. 1648இல் தொடங்கிய நகர மாளிகைக்கு, இன்றைய அரண்மனைக்கு, இப்படி 13,659 மரங்கள் இறங்கின. நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அவை கெடுவதில்லை. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும்.

நகரத்துக்கு நகரம் போய்வரக் கால்வாயே சாலை. 1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே குதிரை இழுக்கும் பயணப் படகு ஓடத் தொடங்கியது. மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம்தான். ஆனால் பகலில் குறித்த நேரத்துக்குக் கிளம்பும், கட்டணமும் நிலையானது; குண்டுங்குழியுமான சாலையில் வண்டிக்காரனோடு பேரம் பேசியவர்களுக்கு அது பெரிய விடுதலை. பாதி வழியில், ஹால்ஃப்வெக்கில், எல்லோரும் இறங்கி மதகைக் கடந்து நடந்துபோய் வேறு படகில் ஏற வேண்டும். அணையை வெட்டிப் படகுக்கு வழிவிட, அணைகளையும் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்பான நீர் வாரியம் இடம் கொடுக்கவில்லை. வெள்ளம் வந்தால் யார் பொறுப்பு? நாட்டின் முதல் ரயிலும் 1839இல் இதே இரண்டு ஊர்களுக்கு இடையேதான் ஓடியது.

இந்த நகரங்கள் எரித்ததும் அதே பீட்தான். காயவைத்த பீட் கட்டிகள் செங்கல் சூளைக்கும் மதுபானக் கூடத்துக்கும் சமையலறைக்கும் போயின. நீருக்கடியில் இருந்ததையும் வலை கட்டிய நீள்கழியால் வாரி எடுத்தார்கள். வயல் இருந்த இடம் ஏரியாயிற்று. ஏரியின் அலை கரையைத் தின்று இன்னும் பெரிதாயிற்று. 1836இன் புயல்களில் ஹார்லெம் ஏரியின் தண்ணீர் ஒருமுறை ஆம்ஸ்டர்டாம் வாசலுக்கும் மறுமுறை லைடன் வாசலுக்கும் வந்தது. அதோடு பொறுமை தீர்ந்தது. மூன்று நீராவி இறைப்பு நிலையங்கள் 1849 முதல் 1852 வரை இறைத்து ஏரியையே வற்றவைத்தன. இன்றைய ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரிப் படுகையில், கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே இருக்கிறது.

மண் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வறண்ட கோடையில் நிலத்தடி நீர் தாழ்ந்தால், நூற்றாண்டுகளாக மூழ்கியிருந்த மரங்களின் தலை வெளியே வந்து உளுக்கத் தொடங்குகிறது. கீழே ஒன்று உளுத்தால் மேலே சுவர் வெடிக்கிறது. கௌடா நகரின் பழைய தெருக்களில் சிக்கல் வேறு மாதிரி: அங்கே பல வீடுகளுக்கு ஆழமான மரங்களே இல்லை, மண்ணோடு சேர்ந்து அவையும் இறங்குகின்றன, நீர் கதவை நெருங்குகிறது. ஆழமான மரங்கள்மேல் நிற்கும் வீட்டுக்காரருக்கு நீர்மட்டம் உயர வேண்டும், கௌடாவின் பழைய தெருக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் தாழ வேண்டும். வயலில் நீரைத் தாழ்த்தினால் பீட் மக்கிக் கரியமில வாயு கூடும் என்பதால் அரசுக்கும் அதில் அக்கறை வந்துவிட்டது. எந்த வாய்க்காலில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கலாம் என்று முடிவெடுப்பது, 13ஆம் நூற்றாண்டில் பிறந்த அதே நீர் வாரியங்கள்தான். இப்போது 21 வாரியங்கள். நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.