அம்பின் நீளத்தை யாருடைய கையில் அளப்பது?

யாழ்ப்பாணத்தில் வில்வித்தை பழக்கும் எனக்கு, வேட்டைக்கென வெளிநாட்டில் தயாரான, முனைகளில் சில்லுகள் பூட்டிய கொம்பவுண்ட் வில்லொன்று உறவினர் வழியாக ஒரு மாணவரின் கைக்கு வந்தால், முதலில் கண் போவது வில்லின் மேலல்ல, அதனுடன் வந்த அம்புகளின் மேல்தான்.

“சேர், மாமா கனடாவில பாவிச்ச அம்பு, நல்ல சாமான்” என்று ஒரு மாணவர் காட்டினார். நல்ல அம்புகள்தாம். ஆனால் மாமாவைவிட மருமகனுக்குக் கைகள் நீளம் என்பதால், வில்லின் சில்லில் இழுவை நீளத்தை, அதாவது நாணை முழுமையாக இழுக்கும் தூரத்தை, கூட்டியிருந்தார்கள். அம்புகளை யாரும் நினைக்கவில்லை. அவரை மெதுவாக இழுக்கச் சொன்னேன். நாண் தாடையை அடைய முன்னரே அம்பின் முனை, வில்லில் அம்பு படுத்திருக்கும் தாங்கியின் விளிம்புக்கு வந்துவிட்டது. உடனே நிறுத்தி, நாணை விடாமல் மெல்லத் தளர்த்தச் செய்தேன்.

இன்னும் சிறிது இழுத்திருந்தால் முனை தாங்கியிலிருந்து நழுவி, கைப்பிடியின் பின்புறத்திலோ வில் பிடித்த கையிலோ முட்டி நின்றிருக்கும். அந்த நிலையில் நாண் விடுபட்டால், ஐம்பது அறுபது இறாத்தல் விசை முழுவதையும் முன்னே போக வழியற்ற தண்டே தாங்க நேரிடும். அலுமினியத் தண்டு பெரும்பாலும் வளையும். காபன் தண்டோ ஊசி போன்ற நீண்ட சிராய்களாகப் பிளந்து பெருவிரலின் அடிச்சதைக்குள் ஏறும். அவற்றை வீட்டில் பிடுங்க முயலாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

விரித்த இரு கைகளின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து 2.5 ஆல் வகுத்தால் இழுவை நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பி அம்பு வெட்டக்கூடாது. இலக்கை நோக்கியபடி, மிக நீளமான அம்பொன்றை அவரவர் வில்லிலேயே முழுமையாக இழுக்க, பக்கத்தில் நிற்கும் ஒருவர் தாங்கியின் முன்விளிம்புக்கு நேரே தண்டில் அடையாளமிட வேண்டும். அவர் ஒருபோதும் முனைக்கு முன்னால் வரக்கூடாது. நாண் பொருந்தும் பள்ளத்திலிருந்து அந்த அடையாளம் வரையுள்ள அளவுடன், பழகியவருக்குக் குறைந்தது ஓர் அங்குலமும், புதியவருக்கும் வளரும் பிள்ளைக்கும் இரண்டு அங்குலமும் சேர்க்கிறேன். அம்பின் நீளம் என்பது தண்டின் வெட்டுமுனை வரைதான். இரும்பு முனை அதில் சேராது. அகன்ற அலகுள்ள வேட்டைமுனை பொருத்துவோர், முழு இழுவையிலும் அலகு கைப்பிடிக்கும் விரல்களுக்கும் முன்னால் நிற்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கொம்பவுண்ட் வில்லில் இழுவை ஓரிடத்தில் நின்றுவிடும். சில்லுகள் இல்லாத சாதாரண ரிகர்வ் வில்லில் அப்படியொரு தடை இல்லாததாலும், தோள் பழகப் பழக இழுவை கூடுவதாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும்.

அதற்காக அளவின்றி நீளமாக வாங்குவதும் சரியல்ல. 500 எனக் குறித்த தண்டு, 28 அங்குல இடைவெளியுள்ள இரு முட்டுகளின் மேல் வைத்து நடுவில் 1.94 இறாத்தல், அதாவது 880 கிராம், தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைவது. அதே தண்டை நீளமாக வைத்தால் எய்யும்போது இன்னும் கூடுதலாக நெளியும்; வில்லின் விசைக்கு மிகவும் மெலிந்த தண்டு விடும் கணத்திலேயே முறியலாம். எனவே நீளம் கூடினால், எண் குறைந்த, விறைப்பான தண்டைத் தெரிவு செய்ய வேண்டும்.

வெட்டுவதற்கு இரும்பறுக்கும் வாள் வேண்டாம்; அது இழைகளைப் பிளக்கும். வேகமாகச் சுழலும் வெட்டுத்தட்டை, முகக்கவசம் அணிந்து பயன்படுத்துங்கள். எய்வதற்கு முன் ஒவ்வொரு காபன் அம்பையும் முகத்துக்கு அப்பால் பிடித்து, மெல்ல வளைத்து, சுழற்றிப் பாருங்கள். சிறு வெடிப்புச் சத்தம் கேட்டாலும் அந்த அம்பை முறித்து எறிந்துவிடுங்கள்.