பதினோராவது பிழை

அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கேபிளை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் ஒரு ஆன்டெனா மாட்டியிருக்கிறேன். காசில்லாமல் எச்டி படம் அவ்வளவு துல்லியமாக வருகிறது. ஒரு சேனலில் மட்டும், காற்றடித்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, அப்புறம் மொத்தமாகவே போய்விடுகிறது. பழைய டிவியில் சிக்னல் குறைந்தாலும் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். இதில் நடுவாந்தரமே கிடையாதா? எச்டி ஆன்டெனாவும் பூஸ்டரும் வாங்கினால் சரியாகுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எச்டி ஆன்டெனா என்று தனியாக ஒன்று கிடையாது. அலையில் வருவது எச்டியா, பழைய கறுப்பு வெள்ளைப் படமா என்பதெல்லாம் அலுமினியக் கம்பிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அதிர்வெண் மட்டும். 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதில் பாதி, 30 சென்டிமீட்டர் கம்பி, அதற்குத் தோதானது. 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் கம்பி 75 சென்டிமீட்டர் வேண்டும். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாக்கள் பல, கீழ் அதிர்வெண் சேனல்களில் திணறுவது இதனால்தான். கூரையில் மீன்முள் மாதிரி நிற்கும் வடிவத்தை 1926-லேயே ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கிவிட்டார்கள். அது இன்றைக்கும் எச்டியை அருமையாக வாங்கித் தரும். “200 மைல் தூரம் எட்டும்” என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் பூமி உருண்டை என்பதை அவர்களுக்கு யாராவது நினைவுபடுத்த வேண்டும் என்று தோன்றும். 300 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ரேடியோ அலைக்கு அடிவானம் ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கூரையில் உயரமாக மாட்டினால் இன்னும் கொஞ்சம் கூடும், மலைமுகட்டில் கொஞ்சம் வளைந்தும் வரும். 320 கிலோமீட்டர் எல்லாம் வியாபாரம்.

சரி, படம் ஏன் ஒரேயடியாகச் சாகிறது?

எச்டி படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 100 கோடி பிட் வேண்டும். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அமெரிக்க சேனலில் போகக்கூடியது வினாடிக்கு 1.94 கோடி பிட்தான். அதனால் படத்தைப் பிழிந்து சுருக்குகிறார்கள். முந்தைய காட்சியிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவது அதில் முக்கியமான உத்தி. பழைய அனலாக் டிவியில் இரைச்சல் புகுந்தால் திரையில் அந்த ஒரு புள்ளிதான் கெடும். சுருக்கிய படத்தில் ஒரே ஒரு பிட் மாறினால் ஒரு கட்டம் முழுக்கக் கெடலாம். அடுத்த காட்சிகள் அதை நம்பியே எழுப்பப்படுவதால் கெட்டது தொடரவும் செய்யும். வானிலிருந்து வரும் எந்தச் சிக்னலும் பிழையில்லாமல் வருவதில்லை. ஆக, வந்து சேர்ந்த பிழைகளை டிவியே கண்டுபிடித்துத் திருத்தியாக வேண்டும். அனுப்பியவரிடம் “இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்று கேட்கவும் வழியில்லை. ஒளிபரப்பு ஒருவழிப் பாதை.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். அவற்றை வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகளாக வையுங்கள்: x=0 என்ற இடத்தில் 3, x=1 என்ற இடத்தில் 5. இரண்டு புள்ளி வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும். இங்கே அது y = 2x + 3. அதே கோட்டில் இன்னும் இரண்டு புள்ளிகளைக் கணக்கிட்டால் 7, 9. இப்போது 3, 5, 7, 9 என்று நான்கையும் அனுப்புகிறோம். வழியில் இரைச்சல் புகுந்து 7 என்பது 1 ஆகிவிட்டது. டிவிக்குக் கிடைப்பது 3, 5, 1, 9. டிவி கோடு போட்டுப் பார்க்கிறது. 3, 5, 9 மூன்றும் ஒரே கோட்டில் உட்காருகின்றன. 1 மட்டும் விலகி நிற்கிறது. அந்த 1-ஐச் சேர்த்து எந்தக் கோடு போட்டாலும் மூன்றாவது புள்ளி ஒட்ட மாட்டேன் என்கிறது. ஆக, தப்பு எங்கே என்றும் தெரிந்துவிட்டது, அங்கே இருந்திருக்க வேண்டியது 7 என்றும் தெரிந்துவிட்டது. திருத்தியது உத்தேசமாக இல்லை, துல்லியமாக.

இப்போது இரண்டு எண்கள் கெடட்டும்: 3, 6, 1, 9. எந்த மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் வரவில்லை. ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரிகிறது. எது என்று தெரியவில்லை. ஒரு பிழை இருந்தவரை நூற்றுக்கு நூறு சரியான விடை. இரண்டாவது பிழை வந்ததும் கையை விரித்துவிடுகிறது. வாசகர் கேட்ட நடுவாந்தரம் ஏன் இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணிதர்கள் 1960-ல் இதைச் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார்கள். டிவியில் நேர்கோட்டுக்குப் பதில் உயர்ந்த படியுள்ள பல்லுறுப்புக் கோவை. தகவலைப் பாக்கெட் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். அமெரிக்க முறையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 187 பைட் தகவல், அதோடு 20 பைட் கூடுதல் புள்ளிகள். ஒரு பிழையைத் திருத்த இரண்டு கூடுதல் புள்ளி வேண்டும் என்று மேலே பார்த்தோம்; 20 இருந்தால் பத்துப் பிழை. 207 பைட்டில் எந்தப் பத்து கெட்டாலும் கெட்ட சுவடே இருக்காது. பதினோராவது கெட்டால் பாக்கெட்டே கை நழுவிப் போகும். எண்கள் ஒரு பைட்டைத் தாண்டி வளராமல் இருக்க 256 எண்கள் மட்டுமே கொண்ட ஒரு தனிக் கணிதத்தில் கூட்டிப் பெருக்குகிறார்கள். கோட்டுக் கணக்கின் தர்க்கம் அப்படியே இருக்கிறது.

மின்னலோ, மோட்டார் பொறியோ ஒரே இடத்தில் வரிசையாக ஐம்பது பைட்டைத் தின்றுவிட்டால்? அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. அனுப்புவதற்கு முன் பைட்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஏறத்தாழ 4 மில்லிவினாடிக்குப் பரப்பிவிடுகிறார்கள். டிவி திரும்ப அடுக்கும்போது அந்த ஐம்பதும் ஆளுக்கு ஒன்றாகப் பல பாக்கெட்டுகளுக்குப் பிரிந்துவிடும். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தானே திருத்திக்கொள்ளும்.

இப்படிப் பிழை திருத்தும் ஏற்பாட்டைக் குறியீடு என்பார்கள். இதற்கும் உள்ளே இன்னொரு அடுக்குக் குறியீடு வேறு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வேலை செய்ய, சிக்னல் இரைச்சலைப் போல ஏறத்தாழ 30 மடங்கு இருக்க வேண்டும். பொறியாளர்கள் கணக்கில் 15 டெசிபெல். அந்த எல்லையில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 12,900 பாக்கெட்டில் இரண்டு மூன்றுதான் கெடும். அதைவிட ஒரு டெசிபெல் கூடினால் குறையே தெரியாது. ஒரு டெசிபெல் குறைந்தால் படமே இருக்காது. 16-ல் இருந்தாலும் 40-ல் இருந்தாலும் திரையில் ஒரே படம்தான் என்பதால், விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது காற்றடிக்கும் வரை யாருக்கும் தெரிவதில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்காவின் புதிய ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சி 3.0-லும், பல நாடுகளில் உள்ள டிவிபி-டி2 முறையிலும் இருப்பது எல்டிபிசி என்ற இன்னும் திறமையான குறியீடு. அதை ராபர்ட் கல்லகர் எம்ஐடியில் தன் முனைவர் ஆய்வேட்டில் எழுதியது 1960-ல். அன்றைய கணினிகளால் அதை ஓட்ட முடியாததால் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1990-களில்தான் மறுபடி கண்டெடுத்தார்கள். “இந்த ஆய்வால் மூன்று வருடத்தில் என்ன பயன்?” என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வைத்துப் பணம் ஒதுக்குகிற இன்றைய குழுக்களிடம் அவர் போயிருந்தால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடிப்படைக் கணிதத்துக்குப் பயன் கேட்டுப் பணம் தருவது கஞ்சத்தனம் என்பது என் கட்சி.

வாசகரின் சேனலுக்கு வருவோம். காற்றில் ஆடும் மரம், குறிப்பாக இலை நனைந்திருக்கும்போது, சிக்னலை ஒன்றிரண்டு டெசிபெல் சுலபமாக விழுங்கிவிடும். எதிரொளித்து வரும் அலைகளையும் கலைத்துப்போடும். பூஸ்டர் வாங்கினால் சிக்னலோடு இரைச்சலும் பெருகும். விகிதம் அதேதான், கூடவே பூஸ்டரின் சொந்த இரைச்சல் வேறு. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு நீளமான கேபிள் போனால், அந்த இழப்பைச் சரிக்கட்ட ஆன்டெனா பக்கத்திலேயே பூஸ்டர் வைப்பதில் அர்த்தம் உண்டு. கோபுரத்துக்கு அருகில் இருப்பவர் வைத்தால் ட்யூனர் திணறி, வருகிற சேனலும் போய்விடும்.

முதலில் டிவியின் மெனுவில் சிக்னல் பலத்தை விட்டுவிட்டுத் தரத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஆன்டெனாவை ஓரடி இப்படி, ஓரடி அப்படி நகர்த்துங்கள். எதிரொளிப்பு உள்ள இடத்தில் அரை அலைநீளத் தூரமே பெரிய வித்தியாசம் காட்டும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால் வேறு ஜன்னல் தேடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கூரையில், மரத்துக்கு மேலே தெரிகிற உயரத்தில் மாட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்ய மறக்க வேண்டாம்.