“வெறும் பழம்தானே மிஸ்!” – கிட்னியைப் பழுதாக்கும் காமரங்காய்ச் சாறு

மறுபடியும் அதே கதை. அறுபதைத் தாண்டிய அம்மா. நீண்ட காலமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு), கூடவே பிரஷர். இரண்டு நாளாக விக்கல் நிற்கவில்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, முந்தின இரவிலிருந்து பேச்சில் தடுமாற்றம். கூட்டிவந்த மகளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: கிளினிக் மருந்தைத் தவிர வேறு ஏதாவது குடித்தாரா?

“ஒன்னும் இல்ல மிஸ். வேற மருந்தே தொடுறதில்ல.”

இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் மிகக் கூடுதலாக வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதே அம்மாவின் கிளினிக் கொப்பியில் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்த அளவு இவ்வளவு மோசமில்லை. அதனால் கேள்வியை மாற்றினேன்: தோட்டத்தில் காய்த்தது, கூட்டாளிமார் கொண்டுவந்து கொடுத்தது ஏதாவது? கொஞ்சம் தயங்கிவிட்டுப் பதில் சொன்னாள். “காமரங்காய் ஜூஸ் குடிச்சாங்க. காலையில வெறும் வயித்துல ஒரு கிளாஸ். அது வெறும் பழம்தானே மிஸ்!”

கண்டிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். இதை வார்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வார்டுக்கு வந்த பிறகு சொல்லிப் பயனும் குறைவு. சாறு பிழிவதற்கு முன்னால் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காமரங்காய் என்றால் தெரியும்தானே? ஐந்து வரிச் சதையோடு, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அதுதான். கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் காய்த்துக் கொட்டும். நுவரெலியாக் குளிரில் அவ்வளவாக வராது. அதனால்தான் பழங்கள் பஸ் ஏறுகின்றன. மேலேயிருந்து லீக்ஸும் மரத்தக்காளியும் இறங்கிவரும், கீழேயிருந்து காமரங்காயும், விரல் நீளத்தில் புளிக்கிற பிலிங்காயும் ஏறிப் போகும். ஒரே மலையில் இருபது முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த பெண்கள், ஓய்வு பெற்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் இப்படித்தான் தொடர்பை விடாமல் வைத்திருக்கிறார்கள். பையைக் கொடுக்கும்போது பேரப்பிள்ளையின் பரீட்சை, புதுசாகப் பூத்த ரோஜா, முழங்கால் வலி எல்லாம் சேர்ந்து வரும். கடைசியில் ஒரு வார்த்தை: “அக்கா, இத அடிச்சுக் குடிங்க, சீனி இறங்கிரும். எனக்கு இறங்கிருச்சு.”

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

என்னை மிகவும் கோபப்படுத்துவது “இயற்கையானது, ஒன்றும் செய்யாது” என்ற பேச்சு. படித்தவர்களும் சொல்கிறார்கள், வைத்தியசாலை வாசலிலேயே நின்று சொல்கிறார்கள். மஞ்சள் அலரி விதை என்ன செய்யும் என்று இந்த நாட்டில் தெரியாதவர் யார்? அதுவும் வேலியோரம் தானாக வளர்ந்ததுதான். கார்த்திகைப் பூவின் கிழங்கும் மண்ணுக்குள் விளைந்ததுதான். ஊமத்தையை யாரும் தொழிற்சாலையில் செய்யவில்லை. இவற்றிலெல்லாம் விஷம் இருக்கிறது என்று பிள்ளைகளை எச்சரித்து வளர்த்த அதே அம்மா, ஒரு பழத்தைக் கையில் எடுத்ததும் “பழத்தில் என்ன இருக்கப் போகிறது” என்கிறார். மருந்து என்று பெயர் வைத்த பொருளுக்கு மட்டும்தான் பக்கவிளைவு உண்டு என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஒரு பழச்சாறு சீனியை இறக்கும் என்று நம்பினால், அதற்கு உடம்புக்குள் ஏதோ செய்கிற சக்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தச் சக்தி நல்லதை மட்டும் செய்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்காது. மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம் என்றாவது எழுதியிருக்கும். ஒரு கிளாஸ் சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மரத்துக் காய் ஒரு மாதிரி, பக்கத்து மரத்துக் காய் வேறு மாதிரி.

சரி, காமரங்காயில் என்ன இருக்கிறது? இரண்டு விஷயங்கள். முதலாவது ஒக்சலேட் என்ற உப்பு. புளிப்பு அதிகமான காயில் இது இன்னும் கூடுதல். சாறாக்கி வெறும் வயிற்றில் குடித்தால் கூடுதலாக இரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் கல்சியத்தோடு சேர்ந்து படிகமாகப் படியும். மலையில் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டியவர்களுக்கு இது புரியும். மண் வந்து கானை அடைத்தால், மழை பெய்யப் பெய்யத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குமே, அப்படித்தான். அடைப்பு திடீரென்றும் வரும், கொஞ்சம் கொஞ்சமாகவும் வரும்.

இரண்டாவது நரம்பைத் தாக்குகிற ஒரு நச்சு. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் இதைப் பிரித்தெடுத்து, கரம்பொக்சின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல சிறுநீரகம் இதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நச்சு இரத்தத்திலேயே நின்று மூளைக்குப் போகும். முதலில் விக்கல், வாந்தி. பிறகு தூக்கமின்மை, கைகால் மரத்துப்போதல், குழப்பம், வலிப்பு. டயலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் சிகிச்சை) செய்துகொள்பவர்கள் ஒரேயொரு பழம் சாப்பிட்டே இந்த நிலைக்குப் போயிருக்கிறார்கள். உயிர் போனவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் வேறு நாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நமது கண்டி மருத்துவர்களே 2015இல் காமரங்காயால் சிறுநீரகம் கெட்ட இரண்டு பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவருக்குத் திடீர்ப் பழுது. மற்றவர் நீண்ட காலம் சாப்பிட்டு வந்தவர், அவருக்கு நாட்பட்ட நோயாகவே ஆகிவிட்டது. பிலிங்காயும் அதே குடும்பம்தான். கொலஸ்ட்ரோல் குறையும் என்று அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரளத்து மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் 7 பேருக்கு டயலிசிஸ் தேவைப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: “அவ குடிச்சாளே, அவளுக்கு ஒன்னும் ஆகலையே?” அவளுடைய சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது பரிசோதித்துச் சொன்ன பதிலா, நடமாடுகிறாள் என்பதால் சொல்கிற பதிலா? சிறுநீரகம் பாதியளவு கெடும்வரைக்கும் கிரியேட்டினின்கூடப் பெரிதாக ஏறாது. கால் வீங்கி, சாப்பாடு வெறுத்து, மூச்சு வாங்கும்போது வருகிறவர்கள் பலரும் நேற்றுவரை நன்றாக இருந்தேன் என்றுதான் சொல்கிறார்கள். சீனியும் பிரஷரும் பல வருடமாக இருக்கிற ஒருவருக்குச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தோழியால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்களாலேயே முடியாது. அதற்குத்தான் இரத்தமும் சிறுநீரும் எடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிட்னி வருத்தம் என்றால் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வயல்காரருக்கு வருவது என்று மலையகத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே உள்ள பிரச்சினை வேறு. நமது பக்கத்தில் சீனியும் பிரஷரும் போதும், வேறு எதுவும் தேவையில்லை. அதோடு கொழுந்தெடுத்த முதுகு வலிக்கும் முழங்காலுக்கும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற டைக்ளோபெனக் மாத்திரை. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்துச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டும் விழுங்கட்டும்.

ஆகவே, சிறுநீரகம் பழுது என்று ஒருமுறையாவது மருத்துவர் சொல்லியிருந்தால், காமரங்காயும் பிலிங்காயும் வேண்டவே வேண்டாம். சாறு வேண்டாம், அச்சாறு வேண்டாம், ருசிக்கு ஒரு துண்டும் வேண்டாம். டயலிசிஸ் செய்கிறவர் இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பழத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. சீனி, பிரஷர் உள்ளவர்கள் மருந்தாக நினைத்து இதன் சாற்றைத் தொட வேண்டாம். கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டதென்றால், அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

நல்ல சுகமாக இருக்கிற ஒருவர் சாப்பாட்டுக்குப் பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓரிரு துண்டு சாப்பிட்டால் நான் எதுவும் சொல்லமாட்டேன். மரத்தை வெட்டிப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பழத்தை ஒன்றாக அடித்துக் குடிப்பதும், விரதமிருந்து வெறும் வயிற்றில் குடிப்பதும், வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்துவிட்டு வந்து அந்தத் தாகத்துக்குக் குடிப்பதும் சுகமான ஆளையும் படுக்கையில் போடும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிட்னி வருத்தக்காரருக்குச் செவ்விளநீர் கொண்டுபோகிற பழக்கம் இருக்கிறது. உடம்புச் சூடு தணியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய. வெளியேற்ற முடியாத உடம்பில் அது கூடினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். வாழைப்பழச் சீப்பும் அப்படித்தான். என்ன கொண்டுவரலாம் என்று வீட்டாரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

விக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் வீணாவது இங்கேதான். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒரு வாய் தண்ணீர் கொடுப்போம். பிறகு சீனி, பிறகு மூச்சை அடக்கச் சொல்வது. காமரங்காய் அல்லது பிலிங்காய் சாப்பிட்ட சில மணி நேரத்தில் தொடங்கி நிற்காமல் வருகிற விக்கலுக்கு இது எதுவும் உதவாது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். தெளிவாகப் பேசிக்கொண்டு வருகிறவருக்கு உடனே டயலிசிஸ் செய்து நச்சை இறக்க முடியும். வலிப்பு வந்த பிறகு கொண்டுவந்தால் எங்கள் கையில் இருக்கும் வழிகள் குறைந்துவிடும். சிறுநீர் திடீரென்று குறைவதும், விலாப்பக்க முதுகு வலியோடு வாந்தி வருவதும் இதே மாதிரி அவசரம்தான்.

1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்வரை பாதை இல்லையென்றால் பெரிய ரோட்டுக்கு எப்படி இறக்குவது என்பதை அவர்கள் வந்து சேரும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கிளினிக் கொப்பி, குடிக்கும் மாத்திரைகள், மிச்சமிருக்கும் பழம் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். மொழி சரியாக வராவிட்டால் பழத்தை எடுத்துக் காட்டினாலே போதும், விளங்கிவிடும்.

அப்புறம், தயவுசெய்து மறைக்காதீர்கள். “மிஸ் ஏசுவாங்க” என்ற பயத்தில் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழம் கொடுத்த தோழியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கிறவர்கள் இன்னும் அதிகம். அந்த அம்மாவின் மகளும் அப்படித்தான் தயங்கினாள். கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். யார் கொடுத்தார் என்று கேட்கவும் மாட்டோம். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார், வெறும் வயிற்றிலா என்பதை மட்டும், வார்டுக்குள் நுழைந்ததுமே, நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.