ஃபோலிக் அமிலமும் 28ஆம் நாளும்

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் சிவப்பு நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒன்று வீதம் 180 நாட்களுக்கு அதை விழுங்க வேண்டும் என்பது நடைமுறை. ஒரே மாத்திரைக்குள் அடங்கியிருந்தாலும், கருவில் இந்த இரண்டு சத்துகளும் செய்யும் வேலையும் அவை தேவைப்படும் காலமும் வேறு வேறு. ஃபோலிக் அமிலத்தின் தலையாய வேலைக்கு நான்காம் மாதம் என்பது மிகவும் பிந்திய காலம்.

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு திசுப்பட்டை உருவாகிறது. அதன் இரு விளிம்புகளும் மேலெழுந்து, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும்போது அந்தப் பட்டை ஒரு குழாயாகிறது. பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய் இதுவே. சோமாசியின் விளிம்பை நடுவில் அழுத்தி ஒட்டிவிட்டு இருபக்கமும் விரலை நகர்த்திக்கொண்டே போவதுபோல, கழுத்துப் பகுதியில் தொடங்கும் இந்த மூடல் தலையை நோக்கியும் வாலை நோக்கியும் பரவி, கருத்தரித்த ஏறத்தாழ 28ஆம் நாளில் முடிந்துவிடுகிறது. வால்பக்கம் மூடாமல் போனால் முதுகெலும்பில் பிளவுடன் குழந்தை பிறக்கிறது. தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை, அத்தகைய குழந்தை பிழைப்பதில்லை.

விளிம்புகள் இத்தனை விரைவாக எழுந்து சேர வேண்டுமானால், அங்குள்ள செல்கள் இடைவிடாமல் பிரிய வேண்டும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏ முழுவதையும் புதிதாகப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான மூலப்பொருள்களைத் தயாரிக்கும் வேதிவினைகளில் ஒற்றைக் கார்பன் அணுக்களைச் சுமந்து சென்று கொடுப்பது ஃபோலேட். ஃபோலிக் அமிலம் அதன் மாத்திரை வடிவம். 28ஆம் நாள் என்பதை வீட்டுக் கணக்கில் சொன்னால், நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்பட்டுப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்கான உறுதியான சான்று 1991இல் கிடைத்தது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறைபாட்டால் பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்திருந்த 1,817 பெண்களை 7 நாடுகளில் சேர்த்து, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஓர் ஆய்வை நடத்தியது. மீண்டும் அதே குறைபாடு தோன்றிய 27 கர்ப்பங்களில், ஃபோலிக் அமிலம் பெற்றவர்களுடையவை 6 மட்டுமே. குறைபாடு 72 விழுக்காடு தடுக்கப்பட்டது தெளிவானதால், ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவு 4 மில்லிகிராம், அதாவது வழக்கமானதைப்போல் பத்து மடங்கு. அந்த அளவு மருத்துவர் எழுதிக்கொடுத்து உட்கொள்ள வேண்டியது.

இந்தச் சத்தின் கதை தொடங்கியது பம்பாயில் என்பது பலருக்குத் தெரியாது. 1928இல் அங்கே வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் இரத்தசோகை, ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் குணமாவதைக் கண்டார். அதிலிருந்தது என்ன என்று அப்போது புரியவில்லை. 1941இல் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயர் பெற்றது. கீரையில் இருப்பதால் கீரை தின்றால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் இது நீரில் கரைவது, சூட்டில் சிதைவது. கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் நல்ல பங்கு அந்த நீரோடு போய்விடும்.

இரும்பின் வேலை பிந்தையது, நீண்டது. நரம்பிழைகளுக்கு உறையிடுவதற்கும், டோப்பமைன் போன்ற நரம்புக் கடத்திகளைத் தயாரிப்பதற்கும், நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் பகுதி வளர்வதற்கும் இரும்பு வேண்டும். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில், கர்ப்பத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தபோது, ஒரு வேலையைச் செய்யும்போது தகவலை மனத்தில் வைத்திருக்கும் செயல்நினைவிலும், அவசர உந்துதலைக் கட்டுப்படுத்துவதிலும், விரல்களின் நுண்ணசைவிலும், அவற்றைப் பெறாத தாய்மார்களின் குழந்தைகளைவிட அவர்கள் மேம்பட்டிருந்தார்கள். அந்தப் பகுதி இரும்புக் குறைபாடு மலிந்த பகுதி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் குறையை நிரப்புவது வேறு, போதுமான அளவுக்குமேல் கூட்டுவது வேறு. குழந்தையின் மூளைக்கு நல்லது என்று விற்கப்படும் மீனெண்ணெய் மாத்திரைகளை ஆஸ்திரேலியாவில் சுமார் 2,400 கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். மீனெண்ணெயிலுள்ள டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலத்தை நாளுக்கு 800 மில்லிகிராம் பெற்றவர்களின் குழந்தைகளும் பெறாதவர்களின் குழந்தைகளும் 18 மாதத்தில் அறிவுத்திறனில் சராசரியாக வேறுபடவில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் மூளைப்படத்தை நம்பிக் கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் நடந்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அங்கே ஒரு சாராருக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும், மறுசாராருக்கு அவற்றோடு வேறு பல நுண்சத்துகளும் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் 9 முதல் 12 வயதை எட்டியபோது, கூடுதல் சத்து பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்குச் பழகிப்பழகிக் கற்பதைச் சேமிக்கும் செய்முறை நினைவில் ஏறத்தாழ அரை ஆண்டுப் பள்ளிப்படிப்புக்கு ஈடான முன்னேற்றம் இருந்தது. இரத்தசோகை இருந்த தாய்மார்களின் பிள்ளைகளில் பொது அறிவுத்திறனும் உயர்ந்திருந்தது. ஆயினும் வீட்டில் பிள்ளைக்குக் கிடைத்த கவனிப்பும் தூண்டுதலும், தாயின் மனச்சோர்வும் அந்த மதிப்பெண்களோடு கொண்டிருந்த தொடர்பு, மாத்திரையின் விளைவைவிட வலுவாக இருந்தது.

மாத்திரையை வாங்கிய பலர் பாதியில் நிறுத்துவது குமட்டலாலும், மலம் கறுப்பதைக் கண்டு பயந்துமே. உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால் வரும் அந்தக் கறுப்பில் ஆபத்தில்லை. குமட்டலுக்கு, இரவு உணவுக்குப் பின் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவது பலருக்கு ஒத்துவருகிறது. காபி, டீயோடு விழுங்கினால் அவற்றிலுள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் மாத்திரையும் வழிமறிக்கும். ஆகவே இவற்றுக்கு நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாறாக, எலுமிச்சைச் சாறு இரும்பு உடலில் சேர உதவுகிறது.