ஷெல்டர்ட் ஹவுசிங்: வன்னிக் காதில் விழுந்த ஒரு சொல்

லண்டனில் இருக்கும் பெரியம்மா வீட்டை விற்றுவிட்டு 'ஷெல்டர்ட் ஹவுசிங்' ஒன்றுக்குக் குடிபோய்விட்டார் என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். கிளிநொச்சியில் அடுப்படியில் நின்ற அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. "என்ன, ஷெல்டரோ? அக்காவுக்கும் தரப்பாளோ?" என்றார். அழாத குறை.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் 'ஷெல்டர்' என்பது ஏற்கெனவே ஆள் குடியேறிவிட்ட சொல். 2009இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் அகதி முகாம்களிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் தகரம், தடி, தரப்பாள் வைத்து எழுப்பிய தற்காலிகக் கொட்டில்தான் எங்களுக்கு ஷெல்டர். 'ஹவுசிங்' என்றால் அதற்குப் பின்னால் வந்த வீட்டுத்திட்டம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஷெல்டரிலிருந்து வீட்டுத்திட்டத்துக்குப் போனால் அது முன்னேற்றம். நல்ல கல்வீட்டை விற்றுவிட்டு ஷெல்டருக்குப் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது முடிந்த முடிவல்ல. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வருகிறது. கேடயங்களை நெருக்கி வைத்து நிற்கும் படையணியைக் குறித்த பழஞ்சொல் ஒன்று திரிந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. 'ஷெல்' என்ற சொல்லோடு அதற்கு நேரடி உறவில்லை. உறவு உண்டு என்று இங்கே யாராவது சொன்னாலும் நம்பியிருப்போம்: ஷெல் விழுந்தால் பங்கர், ஷெல் ஓய்ந்தால் ஷெல்டர்.

சரி, பெரியம்மா போன இடம் எப்படிப்பட்டது? ஒரு கட்டடம், அதற்குள் பல சின்ன வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி, தனிக் குசினி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு என்று ஒதுக்கியது. சில இடங்களில் ஐம்பத்தைந்திலேயே சேரலாம். எல்லோரும் கூடியிருக்க ஒரு பொதுக்கூடம். எல்லா வீட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அவசரத்துக்கு இழுக்க ஒரு சிவப்புக் கயிறு. சமைத்துக் கொடுக்கவோ குளிப்பாட்டி விடவோ அங்கே ஆள் கிடையாது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய ஏற்பாடு இது. 1969இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டு, இத்தகைய வீடுகள் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று இரண்டு வகையாகப் பிரித்து வரையறுத்தது.

கயிற்றின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே பல வீடுகளில் குளியலறை லைட்டையே கயிறு இழுத்துத்தான் போடுவார்கள். குடிபோன முதல் இரவு பெரியம்மா லைட்டுக்கு என்று நினைத்துச் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டார். லைட் எரியவில்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டது. பெரியம்மா "முருகா!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். அடுத்த நாள் அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார். பார்த்துக்கொள்ளும் பெண் வந்து அவிழ்த்து, நுனி நிலத்தில் படும்படி விட்டுப் போனாராம். நிற்கிறவருக்கு அந்தக் கயிறு தேவையில்லை, விழுந்து கிடக்கிறவரின் கைக்கு எட்ட வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது என்றார் பெரியம்மா.

ஏன் போனார்? பெரியப்பா போன பிறகு மாடிவீட்டில் அவர் தனி. படுக்கை மேலே, குசினி கீழே, முழங்கால் இரண்டும் போய்விட்டன. குளிர்காலத்தில் முழு வீட்டையும் சூடாக்க வரும் பில். வெட்டாவிட்டால் காடாகும் தோட்டம். பிள்ளைகள் மூவரும் மூன்று ஊரில். இவையெல்லாம் சொல்லக்கூடிய காரணங்கள். நான் நோண்டிக் கேட்டபோது சொன்னது வேறு: "காலமை எழும்பி ஆரோடயாவது ஒரு வார்த்தை கதைக்காமல் பத்து மணியாகுது பிள்ளை."

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பலர் 'முதியோர் இல்லம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. பிழை என்பதைப் பெயரில் தேட வேண்டாம், வினையில் தேடுங்கள். முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் வாயில் வருவது 'விடுதல்': "தாயைக் கொண்டுபோய்க் கைதடியில விட்டிட்டினம்." கைதடியில் அரசாங்க முதியோர் இல்லம் இருப்பதால் ஊர்ப்பெயரே அந்தப் பொருளில் ஆகிவிட்டது. அந்த வசனத்தில் எழுவாய் பிள்ளைகள், தாய் செயப்படுபொருள். பெரியம்மாவை யாரும் விடவில்லை. அவரே வீட்டைப் பார்த்து, கையெழுத்து வைத்து, அரிசிப்பானையும் சாமிப்படமும் முன்னால் அனுப்பிக் குடிபோனார். 'குடிபோதல்' என்ற வினையைத் தாங்கக்கூடிய பெயர்ச்சொல்தான் இதற்கு வேண்டும்.

'பாதுகாப்பு வீடு' என்று மொழிபெயர்க்கலாமா? அகராதிப்படி சரிதான், ஆனால் வன்னியில் வேண்டாம். 2009இல் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த இடங்களுக்குள் இருந்து தப்பி வந்தவர்கள்தான் இன்றைக்கு இங்கே முதியவர்கள். 'அடைக்கலம்' என்றால் மடு மாதா கோவில் நினைவுக்கு வரும். இடம்பெயர்ந்த சனம் தேவாலய வளவில் குடும்பம் குடும்பமாகக் கிடந்த காலம். 'புகலிடம்' என்றால் விசா வழக்கு. பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் 'கண்காணி' பொருந்துமே என்று ஒரு நண்பர் சொன்னார். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை மேய்த்து வேலை வாங்கியவருக்கும் அதுதான் பெயர். கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

உண்மையில் இந்த ஏற்பாடு எங்களுக்குப் புதிதே அல்ல. மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும்போது தாய் தகப்பன் 'சீவிய உருத்து' வைத்து எழுதுவார்கள். உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கும் உரிமை தங்களுக்கே. பிறகு அதே வளவின் மூலையில் ஒரு சின்னக் கொட்டில், தனி அடுப்பு. ஆச்சி தன்பாட்டில் காய்ச்சிக் குடிப்பார். இருட்டினால் பேரப்பிள்ளை ஒன்று பாயைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு ஒரு பெயரும் உண்டு: 'துணைக்குப் படுக்கிறது.' நானும் படுத்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை கள்ளனைப் பிடிக்கப் போவதில்லை. ஆச்சி இரவில் இருமினால் "என்னணை?" என்று கேட்க ஒரு குரல், அவ்வளவுதான் வேலை.

அந்தத் 'துணை'தான் எனக்கு வேண்டிய சொல். வன்னியில் 'குடியிருப்பு' ஊர்ப்பெயராகவே நிற்கிறது, புதுக்குடியிருப்பு மாதிரி. இரண்டையும் சேர்த்துத் 'துணைக்குடியிருப்பு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. யாருக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'முதியோர் துணைக்குடியிருப்பு'. பார்த்துக்கொள்ளும் ஆள் 'துணையாளர்'. "துணைக்குடியிருப்புக்குக் குடிபோனா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

சொல் கிடைத்தாலும் வன்னியில் அப்படி ஒன்றைக் கட்டினால் எல்லோரும் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. முதியோர் உரிமைகளுக்கு இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடவும் அதில் வழி உண்டு. ஆனால் முறையிடப் பிள்ளை எங்கே? கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரில் பலருக்கு வீடு என்பது வசிக்கும் இடம் மட்டுமல்ல, பிள்ளைக்குத் தெரிந்த விலாசம். அவன் வந்து பார்க்கும்போது படலை பூட்டியிருக்கக் கூடாது. முழங்கால் நோவும் தனிமையும் அங்கேயும்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் அசையமாட்டார்கள்.

இவ்வளவையும் அம்மாவுக்குச் சுருக்கமாக விளங்கப்படுத்தினேன். தரப்பாள் இல்லை என்றதும் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு கேள்வி.

"அப்ப இரவில அக்காவுக்குத் துணைக்கு ஆர்?"

முந்தி துணையாளர் அங்கேயே குடியிருந்தார், இப்போது பெரும்பாலும் பகலில்தான் வந்து போகிறார், இரவில் கயிற்றை இழுத்தால் எங்கோ தூரத்தில் ஒருவர் பதில் சொல்வார் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருமினால் அந்தக் கயிறுக்குக் கேக்குமோ?" என்றார்.