எரிவது நெஞ்சா, வயிறா?

தண்டையார்பேட்டையில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு, நாள்தோறும் அதிகமாகக் காதில் விழும் சொல் ‘கேஸ்’. அதற்கு அடுத்தது ‘நெஞ்செரிச்சல்’. இளைஞர்கள் சிலர் அதையே ‘ஹார்ட்பர்ன்’ என்று சொல்லிவிட்டு, ஹார்ட் என்று வந்துவிட்டதே எனத் தாங்களே பயந்தும் போகிறார்கள்.

எரிவது இதயமன்று. உணவுக்குழாயின் அடிமுனையில் வால்வு போல இறுக்கிப் பிடிக்கும் தசை தளரும்போது, இரைப்பையின் அமிலம் மேலேறி, அதைத் தாங்கும் காப்பு இல்லாத குழாய்ச் சுவரைச் சுடுகிறது. அக்குழாய் இதயத்துக்குப் பின்னால் இறங்குவதால் எரிச்சல் நடுநெஞ்சில் தெரிகிறது. இந்தக் குழப்பம் மிகப் பழையது. இதயத்தைக் ‘கார்டியா’ என்றழைத்த பண்டைக் கிரேக்கர் இரைப்பையின் மேல்வாயையும் அப்பெயராலேயே குறித்தார்கள். உடற்கூறியலில் அந்த இடத்துக்கு இன்றும் அதுதான் பெயர்.

ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹார்ட்பர்ன்’ இந்த எரிச்சலைக் குறித்தது. அதன் உறவுச் சொற்களோ கோபத்தையும் மனக்கசப்பையும் குறித்தன. தேர்தலில் சீட்டுக் கிடைக்காதவர்களின் குமுறலை நம் ஆங்கில நாளிதழ்கள் இப்போதும் அச்சொல்லால்தான் எழுதுகின்றன. நாம் இடத்தை மாற்றிக்கொண்டோம்: பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் நமக்கு எரிவது வயிறு, வயிற்று அமிலம் பொங்கினால் எரிவது நெஞ்சு! நெஞ்சு என்பது நமக்கு மார்பும்தான், மனமும்தான் என்பதால் தமிழ்ச்சொல்லாவது இதயத்தின் மீது நேரடியாகப் பழி போடவில்லை.

மருத்துவர் அஞ்சுவது இதற்கு நேர்மாறான தவற்றைத்தான்: இதயக் கோளாற்றைக் கேஸ் என்று எண்ணிவிடுவதை. வியாசர்பாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும், ஐம்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளி ஒருவர், இரண்டு வாரமாக ஓமத் தண்ணீரும் கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையுமாக ஓட்டிவிட்டு வந்தார். சாப்பிட்ட பிறகு எரிகிறதா என்று கேட்டேன். “இல்ல டாக்டர், மாடி ஏறச்சொல்லோ எரியுது, நின்னா போயிடுது” என்றார். அமில எரிச்சல் பெரும்பாலும் வயிறு நிறைந்ததும், குனிந்தாலும் படுத்தாலும் கூடும். நடையில் தொடங்கி ஓய்வில் அடங்கும் எரிச்சலோ இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் குறியாக இருக்கக்கூடும். அன்றே ஈ.சி.ஜி. எடுத்து, இதய மருத்துவரிடம் அனுப்பினேன்.

எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் வயிற்றுப் பிரட்டலாகவோ களைப்பாகவோ வருவதும் உண்டு. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதாலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சிறிது நேரத்தில் அதை மீண்டும் எடுத்து, இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவையும் பார்ப்போம்.