ட்ரேஸ் மினரல்: சுவடா, நுண்ணா, தாதுவா?

எங்க சித்தப்பா வீடு தருமபுரி மாவட்டத்துல பென்னாகரம் பக்கம். போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு, வந்த ரிப்போர்ட்ட போன்ல போட்டோ எடுத்து அனுப்பி, "ஏன்டா, இதுல ஒரு எடத்துல ட்ரேஸ்னு போட்ருக்கான், அப்படின்னா இருக்குன்னு அர்த்தமா இல்லன்னு அர்த்தமா"ன்னு கேட்டாரு. பெருசு பண்ணிப் பாத்தா இரும்புக்கு நேரா ட்ரேஸ், ரெண்டு வரி தள்ளி ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். மனுசன் ட்ரேஸப் பாத்துப் பதறிட்டாரு, 2.6-அ கண்டுக்கவே இல்ல. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தச் சொல்லு மேல இருக்குற அரிப்பு.

ட்ரேஸ் இங்கிலீஷுக்குப் பழைய பிரெஞ்சு வழியா வந்த சொல்லு, வேரத் தோண்டிட்டுப் போனா லத்தீன்ல இழுக்குறதுங்கிற அர்த்தத்துல போய் நிக்கும். எதையாவது தரையில தரதரன்னு இழுத்துட்டுப் போனா பின்னாடி ஒரு கோடு விழுமே, அந்தத் தடம்தான் ட்ரேஸ். டிராக்டர்ங்கிற பேரும் இதே வேர்ல வந்ததுதான், அதுவும் இழுக்குறதுதானே. அந்தக் காலத்துக் கெமிஸ்ட் ஒரு சாமானக் கரைச்சு சோதிக்கும்போது லேசா கலங்கும், ஏதோ இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும், ஆனா வடிகட்டித் தராசுல வெச்சா முள்ளு அசையாது, அப்போ நம்பர் போட முடியாம "ட்ரேஸ்"னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. அதாவது அது பொருளப் பத்தின சொல்லே இல்ல, தராசோட கையாலாகாத்தனத்தப் பத்தின சொல்லு. இன்னைக்கு மெஷின் நூறு கோடில ஒரு பங்கக் கூட அளந்து சொல்லிடுது, ஆனா பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

மினரல் சுலபம். சுரங்கத்துல வெட்டி எடுக்குறது. நம்ம கனிமமும் அச்சு அசல் அதே கதைதான், கனின்னு வர்றதால பழத்தோட முடிச்சுப் போட்டுக்காதீங்க, இது வடமொழில தோண்டுறதுங்கிற வேர்ல பொறந்த கனி, அர்த்தம் சுரங்கம். ஆனா சாப்பாட்டப் பத்திப் பேசும்போது நம்மாளு யாரும் கனிமம்னு சொல்றதில்ல, தாது உப்புன்னுதான் சொல்றோம். இந்தத் தாது ஒரு பெரிய சம்சாரி, பூவுக்குள்ள இருக்குற மகரந்தம் தாது, மலைய வெட்டி எடுக்குற மூலப்பொருளு தாது, சித்த வைத்தியத்துல உடம்பக் கட்டி நிறுத்துறது ஏழு தாது, இலக்கணக்காரங்களுக்கு வினையோட வேரும் தாது. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் செவுத்துல ஒட்டிருக்குற தாது புஷ்டி லேகியம் எந்தத் தாதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இலங்கையில நம்ம தனிமத்த மூலகம்னும் தாது உப்ப கனியுப்புன்னும் சொல்றாங்க, கனியுப்பு கேக்கவே நல்லாருக்கு, இங்க யாரும் எடுத்துக்கல.

சரி, ரெண்டயும் சேத்து ட்ரேஸ் மினரல்னா தமிழ்ல என்ன? கலைச்சொல் பட்டியல்கள்ல சுவடுத் தனிமம்னு இருக்கு. அப்படியே இங்கிலீஷ நிமுத்தி வெச்ச மாதிரி. தப்பில்ல, சுவடும் தடம்தான். ஆனா ஒரு நர்ஸம்மா கர்ப்பிணிகிட்ட "உங்களுக்குச் சுவடுத் தனிமம் கம்மியா இருக்கு"ன்னு சொன்னா அந்தப் பொண்ணு என்னத்தப் புரிஞ்சுக்கும்.

இதுக்கு விவசாயி எப்பவோ வேற சொல்லு வெச்சிருக்காரு. நுண்ணூட்டம். உரக்கடையில போய் "நெல்லு நுண்ணூட்டம் ஒரு பாக்கெட் குடுங்க"ன்னு கேக்குறவர் யாரும் அகராதி பாத்துட்டு வரல. நட்ட கொஞ்ச நாள்ல நெல்லு இலையில துரு தெளிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் வளராம குந்திக்கும், வடக்க இதுக்குக் கைரா நோய்னு பேரு, ஏதோ கிருமின்னு நெனச்சுட்டு இருந்தத 1966-ல பந்த்நகர்ல நேனேங்கிற விஞ்ஞானிதான் இது துத்தநாகக் குறைன்னு காட்டுனாரு. இன்னைக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்ட மணலோட கலந்து வீசுறாங்க, முடிஞ்சது. துத்தநாகம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, நாம ஜிங்க் ஜிங்க்னு சொல்றோம், ஆனா பழைய கப்பல் யாவாரத்துல இங்கிலீஷ்காரனே இதை டூட்டனேக்னு சொல்லிருக்கான், போர்ச்சுகீசு வழியா நம்ம பக்கத்து துத்தநாகக் குடும்பத்துல இருந்து போன சொல்லு அது. அதே துத்தநாகத்ததான் கொழந்தைக்கு வயித்தால போகும்போது ஓ.ஆர்.எஸ். கூட 14 நாளுக்கு மாத்திரையா குடுக்குறாங்க. பேதி ரெண்டு நாள்ல நின்னதும் மிச்ச மாத்திரைய அலமாரி மேல தூக்கிப் போட்டுடுறோம், அது தனிக் கதை.

நுண்ணுக்கும் சுவடுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சப்பதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. நுண்ணுன்னா நமக்கு எவ்ளோ வேணும்ங்கிறது. சுவடுன்னா அங்க எவ்ளோ இருக்குங்கிறது. இங்கிலீஷ்ல ட்ரேஸ் ரெண்டு வேலையும் பாக்குது, அதனாலதான் குழப்பம். சத்து புத்தகத்துல ட்ரேஸ் மினரல்னா ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கும் கம்மியா போதும்ங்கிற ஐட்டம்: இரும்பு, துத்தநாகம், செம்பு, அயோடின், செலினியம் இப்படி. ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2020 கணக்குல வளந்த பொம்பளைக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும், ஆம்பளைக்கு 19. ரிப்போர்ட்ல ட்ரேஸ்னு போட்டா அந்தத் தண்ணில ஏதோ துளி தென்பட்டுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். சித்தப்பா போர்ல இருந்த இரும்பு அப்படித்தான், அதால நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. அதனால நான் எழுதும்போது உடம்புக்கு வேண்டியதுன்னா நுண்தாது, ரிப்போர்ட்ல வர்றதுன்னா சுவடளவு. நுண்தாதுச் சத்துன்னு நீட்டி எழுதுனாலும் சரிதான், பேச்சுக்கு நுண்தாது போதும்.

நுண்ணுங்கிறது எவ்ளோ நுண்ணுன்னு அயோடின வெச்சுப் பாருங்க. பெரியவங்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது வருசத்துக்குப் பெருக்கிப் பாத்தேன், 4 கிராம் கூட வரல. அந்த 4 கிராமு கெடைக்காமத்தான் இமயமலை அடிவாரத்துல ஊர் ஊரா கழுத்துக் கழலை. 1956-ல காங்ரா பள்ளத்தாக்குல ராமலிங்கசுவாமி குழு ஒரு பகுதிக்கு அயோடின் உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் குடுத்துப் பாத்தாங்க, அயோடின் போன எடத்துல கழலை இறங்குச்சு. 1962-ல தேசியத் திட்டமே வந்துச்சு.

ஆனா ஃப்ளோரைடுன்னு வந்துட்டா இந்த நுண்ணு கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கும். அந்தப் பேரு ஓடுறதுங்கிற அர்த்தத்துல இருக்குற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, உலோகம் உருக்குறவங்க உலையில ஃப்ளோர்ஸ்பார்ங்கிற கல்லப் போட்டா எல்லாம் இளகி ஓடும், அதான். ஃப்ளோரைடுக்குள்ள இருக்குற தனிமம் ஃப்ளோரின், அந்தப் பேர இங்கிலீஷ் கெமிஸ்ட் டேவிக்குச் சொன்னது பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர், அப்புறம் அவரே மனசு மாறி அழிக்கிறதுங்கிற கிரேக்கச் சொல்ல வெச்சு வேற பேரு சொன்னாரு, ரஷ்யாக்காரங்க இன்னும் அதத்தான் ஃப்தோர்னு சொல்றாங்க. தருமபுரிப் பக்கம் வந்து பாத்தா ஆம்பியரோட ரெண்டாவது பேருதான் பொருத்தம்னு தோணும்.

இங்க பாறையிலயே ஃப்ளோரைடு இருக்கு, போர் ஆழமாகப் போகப் போக தண்ணி அந்தப் பாறையோடயே கெடந்து ஊறி வருது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர அளவு. மொட்டமாடி மேல 1000 லிட்டர் டேங்க் இருக்குல்ல, அதுல ஒன்றரை கிராம், கால் ஸ்பூன் உப்பு எடை. அதுக்கு மேல போனாத்தான் வம்பு. சித்தப்பா டேங்க்ல 2.6 கிராம். கலரு இல்ல, வாசம் இல்ல, ருசி இல்ல, சொல்லப்போனா அந்த ஊர்ல அவரு வீட்டுத் தண்ணிதான் நல்ல தண்ணின்னு பேரு. காய்ச்சுனா போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். எட்டு வயசுக்குள்ள, ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போது குடிச்ச தண்ணிதான் பல்லுல தெரியும், மொதல்ல சாக்பீஸ் கிழிச்ச மாதிரி வெள்ளக் கோடு, அப்புறம் குறுக்கால காவி ஏறும், பிரஷ்ஷு போட்டுத் தேச்சாலும் போகாது. வருசக்கணக்கா குடிச்சா எலும்புக்கு எறங்கும். குனிஞ்சு கால் கட்டை விரலத் தொட முடியுதா, தாடைய நெஞ்சுல வெக்க முடியுதா, ரெண்டு கையயும் பின்னந்தலையில கோக்க முடியுதான்னு கேப்பாங்க, சித்தப்பாவுக்கு மூணாவது வரல. அவரு அத வயசுன்னு நெனச்சுட்டு இருந்தாரு.

இந்தியாவுல இது மொத மொத வெளிய வந்ததே நம்ம பழைய சென்னை மாகாணத்துலதான், 1937-ல, அப்போ நெல்லூர் மாவட்டம். மனுசன விட உழவு மாடுதான் முன்னாடி காட்டிக் குடுத்துச்சுன்னு சொல்வாங்க, காலு விறைச்சு நடக்க முடியாம நின்ன மாடுங்க. இன்னைக்கு இந்த வியாதிக்கு ஃப்ளோரோசிஸ்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இதுக்கு நல்ல தமிழ்ச் சொல்லு எனக்கு இன்னும் அமையல, பல்லுல வந்தா காவிப் பல்லுன்னு ஊர்ல சொல்றது போதும்னு படுது. காவிரித் தண்ணியக் குழாயில கொண்டு வர்ற ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் போட்டு 2013-ல தண்ணி வந்துச்சு, அந்தத் திட்டத்தோட பேருலயே ஃப்ளோரோசிஸ் இருக்கு.

குழாயில காவிரித் தண்ணி வராத நாளைக்கு சித்தப்பா வீட்ல கேன் வாங்குறாங்க. "மினரல் வாட்டர்"னு கத்திட்டுத்தான் வண்டி வரும். சொல்லோட கூத்தப் பாருங்க, ஆர்.ஓ. மெஷின்ல விட்டு மினரல முக்காவாசி உருவி எடுத்ததுக்குப் பேரு மினரல் வாட்டர், லேபிள்ல பொடி எழுத்துல பேக்கேஜ்டு ட்ரிங்கிங் வாட்டர்னு சரியாத்தான் போட்ருக்கான், யாரு படிக்கிறா. ஃப்ளோரைடு ஊர்ல உருவுறதே லாபம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். நுண்தாது பெரும்பாலும் சாப்பாட்டுல இருந்துதான் வரணும், அங்க களியும் கீரையும் இருக்கு, களிக்கூட எலுமிச்சங்கா ஊறுகா தொட்டுக்கிட்டா இரும்பு கொஞ்சம் கூட ஏறும், சாப்ட உடனே டீ குடிச்சா எறங்கும்.

போன மாசம் போயிருந்தேன். மாட்டுத் தொட்டில மட்டும் இன்னும் போர் தண்ணிதான் விழுது. பக்கத்துல தாது உப்புக் கலவை பாக்கெட், மேல பெருசா "நுண் தாதுக்கள் அடங்கியது". நெல்லூர் மாட்டுக் கதையச் சொன்னேன். சித்தப்பா ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போய் தொட்டிக் குழாய மூடிட்டு, ஓஸ காவிரித் தண்ணிக் குழாய்ல மாட்டப் பாத்தாரு, ரெண்டடி எட்டல.